சோதனைத் தட்டு

டர்பனுக்குத் தெற்கே, மெரெபேங்கில் என் கடை.
கார்களுக்குக் காது பொருத்துகிறேன்.
வயரை முறுக்கி, டேப் சுற்றி, கதவுத் தகட்டை மூடியதும்
ஒரு சிடியைப் போட்டுக் காட்டவேண்டும்:
பாருங்கள், இடது பேசுகிறது, வலது பேசுகிறது.

போன வருஷம் வரை அதற்கொரு கல்யாணப் பாட்டு வைத்திருந்தேன்.
இப்போது கேசவலு போட்ட ஆல்பம்.
பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்,
ராத்திரியில் கிளாரினெட்.
ஏழு தடம், நாற்பத்தொரு நிமிஷம், ஒரு சொல் கிடையாது.
இருபது பிரதியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.
பதினொன்று விற்றது. இரண்டு திரும்பி வந்தது.

திரும்பியதில் ஒன்று பெருமாள் டாக்டர் வீட்டம்மாவுடையது.
"பாடுகிறவர் எப்போது வருவார் என்று
கடைசிவரை காத்திருந்தேன்."
தமிழில் அந்த அம்மாவுக்குத் தெரிந்தது
சாமி பேரும் சாப்பாட்டுப் பேரும்தான்.
ஆனாலும் வார்த்தை வேண்டுமாம்.
புரியாத வார்த்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே
ஒரு துணையாம்.

டாக்ஸிக்கார சாண்டீலே நேர்மாறு.
"உங்கள் கோயில் ஸ்பீக்கர் முப்பது வருஷமாய்
எனக்குத் தெரியாததை என்னிடம் கத்துகிறது.
இந்த ஆள்தான் முதன்முதலாய்
என்னையும் சேர்த்துக்கொண்டு பேசுகிறான்."
பேஸ் மட்டும் குறைவு என்றான்.
பேஸ் எல்லாருக்கும் குறைவுதான்.
அந்தக் குறையில்தான் நான் பிழைக்கிறேன்.

சண்டையெல்லாம் மூன்றாவது தடத்தில்.
அங்கே கிளாரினெட் நின்றுவிடும்.
அடியில் ஓர் உறுமல் மட்டும், நாலு நிமிஷம்.
ஸ்பீக்கர் போச்சு என்று
காசைத் திருப்பிக் கேட்டவர்கள் மூன்று பேர்.
போகவில்லை. அது ரிஃபைனரி.
மூடுவதற்கு முந்தின வருஷம்
கேசவலு குளியலறை ஜன்னலில் மைக்கைக் கட்டிப் பிடித்தது.

ஒரு சனிக்கிழமை, மழை பிடித்துக்கொண்டது.
சலோஷ்னாவின் கார் உள்ளே, கதவு திறந்து.
முறைக்குக் காத்திருந்த மூன்சாமி பெஞ்சில்.
உறுமல் தொடங்கியது.

"நிறுத்துங்கள்" என்றாள். குரல் உயரவில்லை.
"இந்தச் சத்தத்துக்குக் கீழேதான் என் பையன் மூச்சு இழுத்தான்.
ஆறு வயசு. ராத்திரி ரெண்டு மணிக்கு
பம்ப்பைக் குலுக்கி, இன்னும் எத்தனை மீதி என்று
காதில் வைத்துக் கேட்டிருக்கிறேன்.
இதுவா சங்கீதம்?"

மூன்சாமி எழுந்தே விட்டார்.
"கூட்டி வை, தம்பி.
நாலாம் நம்பர் ஃபர்னஸ். எனக்கா தெரியாது?
இருபத்தெட்டு வருஷம் இரவு ஷிப்ட்.
அது எரிந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.
அது நின்ற அன்றைக்குத் தூக்கம் வரவில்லை,
செத்த வீடு மாதிரி இருந்தது தெரு."

என் விரல் குமிழில்.
இடப்பக்கம் திருப்பினால் ஒருத்தர்,
வலப்பக்கம் திருப்பினால் ஒருத்தர்.
அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை.
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்,
ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்துவிட்டு
இப்போதுதான் ஆளைப் பார்த்தவர்கள் மாதிரி.

அதற்குள் நாலு நிமிஷம் முடிந்துவிட்டது.
கிளாரினெட் விட்ட இடத்திலேயே வந்து நின்றது,
முக்குக் கடையில் பால் வாங்கப் போய் வந்தவன் போல.
சலோஷ்னா பணம் கொடுத்தாள். மீதிச் சில்லறைக்கு நிற்கவில்லை.
மூன்சாமி ஒன்று வாங்கினார், விலை பேசி.
மூன்றாவதை மட்டும் தனியாகப் போட்டுத் தருவியா,
மற்ற ஆறும் சும்மா என்றார்.

செவ்வாய்க்கிழமை கேசவலு வந்தார், பஸ் ஹாரனைச் சரிபார்க்க.
சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.
கழற்றி வைத்த ஹாரனையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"உனக்கு?" என்றார்.
"பேஸ் குறைவு" என்றேன்.

அன்றைக்கு ஷட்டரை இழுத்துவிட்டுத் தனியாகப் போட்டேன்.
மூன்றாவது தடம், மூன்றாவது நிமிஷம்,
இடது ஸ்பீக்கரில் ஒரு பிசிறு.
வயரை மாற்றினேன். இருந்தது.
ஸ்பீக்கரையே மாற்றினேன்.
யாரோ இருமுகிறார்கள்,
இரண்டு வீடு தள்ளி,
ஜன்னல் திறந்திருக்கிறது.